சோளப்பொரிப் பொட்டலம் சொல்லும் வரலாறு

பொரி நமக்குப் புதிய பண்டமன்று. கார்த்திகைத் திருநாளில் நெற்பொரியை வெல்லப் பாகில் இட்டு உருண்டை பிடிக்கிறோம். ஆயுத பூசையன்று பொரியும் கடலையும் படைக்கிறோம். பொரி செய்வதற்கு வேண்டுவன மிகச் சில: நல்ல தானியம், வாணலியில் காய்ந்த மணல், அதை ஓயாமல் கிளறும் ஒரு கை. ஆனால் இன்று நகரத்துக் கடைகளில் மக்காச்சோளப் பொட்டலங்கள் விற்கப்படுகின்றன. நுண்ணலை அடுப்பில் வைத்து மூன்று நான்கு நிமிடங்களில் பொரித்துக்கொள்வதற்கென்றே ஆக்கப்பட்டவை அவை. அத்தகைய பொட்டலம் ஒன்றைக் கையில் எடுத்து அதன் பின்புறத்தைப் பார்ப்போமாயின், அங்கே ஒரு நீண்ட பட்டியலைக் காண்கிறோம். மக்காச்சோளம், தாவர எண்ணெய், உப்பு, மணமூட்டி, நிறமூட்டி, எண்ணெய் கெடாமல் காக்கும் பொருள் என்று அது தொடர்கிறது. அதன் கீழே, பால் அடங்கியது, சோயா அடங்கியது என்னும் எச்சரிக்கையும் பல பொட்டலங்களில் காணப்படுகிறது.

ஒரு பிடி பொரிக்கு இத்தனை பொருள்கள் எதற்கு? இவ்வினாவுக்கு ரசாயன நூல் மட்டும் விடை கூறிவிட முடியாது. வரலாற்றையும் கேட்க வேண்டும். இப்பட்டியலின் ஒவ்வொரு வரியும் ஏதோ ஒரு காலத்தில், ஏதோ ஒரு தேவையை முன்னிட்டு வந்து சேர்ந்தது. சில வரிகள், மக்கள் சிலர் நோயுற்ற பின்னரே திருத்தி எழுதப்பட்டன. இன்னும் சில செய்திகள் அப்பட்டியலில் எழுதப்படவே இல்லை. அவற்றையெல்லாம் இங்கே வரிசையாக நோக்குவோம்.

மக்காச்சோளத்தின் தாயகம் மெக்சிகோ. ஏறத்தாழ 9,000 ஆண்டுகளுக்கு முன்னர், அந்நாட்டு உழவர்கள் ஒருவகைக் காட்டுப் புல்லைத் தலைமுறை தலைமுறையாகப் பயிரிட்டுத் தேர்ந்தெடுத்து அதனை உருவாக்கினார்கள். தென்னமெரிக்காவில் பெரு நாட்டின் வடகடலோரத்தில் நிகழ்ந்த அகழாய்வில், சுமார் 6,700 ஆண்டுப் பழமை வாய்ந்த மக்காச்சோளக் கதிர்களும் தண்டுகளும் கிடைத்தன. அங்கு வாழ்ந்தோர் சோளத்தைப் பொரித்தும் உண்டனர் என்று ஆராய்ச்சியாளர்கள் 2012-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். பானை வனையும் கலை அப்பகுதிக்கு வருவதற்கு முன்பே பொரி வந்துவிட்டது என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

எல்லா மக்காச்சோளமும் இவ்வாறு பொரிவதில்லை. இதற்கென்று ஓர் இனம் உண்டு. அதன் மணி சிறியது. மேல்தோல் கெட்டியானது, எளிதில் நீராவியை வெளிவிடாதது. மணியின் உள்ளே நூற்றுக்குச் சுமார் 14 பங்கு ஈரம் இருக்க வேண்டும். சூடு ஏற ஏற அந்த ஈரம் ஆவியாக முயல்கிறது. கெட்டித் தோல் அதைத் தடுத்து நிறுத்துகிறது. உள்ளிருக்கும் மாவுப் பொருள் இளகிக் கூழாகிறது. வெப்பம் 180 டிகிரி சென்டிகிரேடை நெருங்கும்போது தோல் பொறுக்கமாட்டாமல் வெடிக்கிறது. அடங்கிக் கிடந்த ஆவி ஒரே கணத்தில் விரிய, கூழ் நுரைபோல் பொங்கி, வெளிக்காற்றின் குளிர்ச்சியால் அப்படியே உறைந்துவிடுகிறது. நாம் உண்ணும் வெண்பூ அதுவே. தோலில் சிறு கீறல் இருப்பினும் ஆவி கசிந்து போய், மணி பொரியாமல் அடியில் தங்கிவிடும்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இப்பொரி தெருவோர வாணிகமாகத் தழைத்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில்தான். சிக்காகோ நகரத்துச் சார்லஸ் கிரெட்டர்ஸ் என்பவர் நீராவியால் இயங்கும் பொரி யந்திரம் ஒன்றை அமைத்து, 1893-ஆம் ஆண்டு அந்நகரில் நடந்த உலகக் கண்காட்சியில் அதை மக்கள் முன் இயக்கிக் காட்டினார். 1930-களின் பொருளாதார மந்தத்தின்போது, கையில் காசில்லாத மக்கள் வாங்கக்கூடிய சில இன்பங்களுள் ஒன்றாகப் பொரி விளங்கியது. இரண்டாம் உலகப் போரின்போது சர்க்கரைக்குப் பங்கீடு வந்து மிட்டாய்கள் அரிதாகவே, திரையரங்குகளில் பொரி நிலைபெற்றது. இக்காலம் முழுவதும் அதன் உட்பொருள்கள் சோளம், எண்ணெய், உப்பு ஆகியவையே. விரும்பினோர் மேலே உருக்கிய வெண்ணெய் ஊற்றிக்கொண்டனர். பட்டியல் எழுத வேண்டிய தேவையே எழவில்லை.

அத்தேவை ஒரு போர்க் கருவியிலிருந்து பிறந்தது. எதிரி விமானங்களைக் கண்டறியும் ராடார் சாதனத்தின் உயிர்நிலை, மாக்னெட்ரான் எனப்படும் நுண்ணலைக் குழாய். மாசசூசெட்ஸ் மாநிலத்து ரேதியான் நிறுவனத்தில் அக்குழாய்களை ஆக்கும் பணியில் ஈடுபட்டிருந்தவர் பெர்சி ஸ்பென்சர். பள்ளிப் படிப்பையே முடிக்காமல், தாமாகவே மின்னியல் கற்றுத் தேர்ந்தவர். 1945-ஆம் ஆண்டு வாக்கில், இயங்கிக்கொண்டிருந்த ஒரு குழாயின் அருகே நின்றபோது சட்டைப் பையிலிருந்த மிட்டாய் உருகியதை அவர் கண்டார் என்று கூறுவர். அடுத்து அவர் குழாயின் முன் வைத்துச் சோதித்த பொருள்களில் ஒன்று சோள மணி. அது பொரிந்தது. கண்ணுக்குத் தெரியாத அந்த அலைகள் உணவிலுள்ள நீரின் மூலக்கூறுகளை உலுக்கி, உணவுக்குள்ளேயே வெப்பத்தைத் தோற்றுவிக்கின்றன. உள்ளே ஈரம் பொதிந்த சோள மணி அவற்றுக்கு மிகப் பொருத்தமான பொருளாயிற்று. மக்காச்சோளத்தை உறையிலிட்டு நுண்ணலையால் பொரிக்கும் முறைக்கு 1949-ஆம் ஆண்டிலேயே ஸ்பென்சருக்குக் காப்புரிமை வழங்கப்பட்டது.

ஆயினும் 1947-ஆம் ஆண்டில் வெளிவந்த முதல் நுண்ணலை அடுப்பு ஆளுயரம் இருந்தது. அதன் எடை சுமார் 340 கிலோ. அது வீட்டுச் சமையலறை மேடையில் அமரக்கூடிய சிற்றுருவம் பெற 20 ஆண்டுகள் ஆயின. 1967-ஆம் ஆண்டில் 495 டாலர் விலைக்கு அத்தகைய அடுப்பு விற்பனைக்கு வந்தது. அடுப்பு வீட்டுக்கு வந்தபின், அதற்கேற்ற பண்டங்களைத் தேடி உணவு நிறுவனங்கள் போட்டியிட்டன. 1980-களின் தொடக்கத்தில் பொரிப் பொட்டலம் கடைக்கு வந்தது. முதலில் வந்தவை குளிர்பெட்டியில் வைக்க வேண்டியவையாக இருந்தன. 1984-ஆம் ஆண்டில், சாதாரண அலமாரியில் மாதக்கணக்கில் கெடாதிருக்கும் பொட்டலத்தை மின்னசோட்டா மாநிலத்துக் கோல்டன் வேலி நிறுவனம் ‘ஆக்ட் 2’ என்னும் பெயரில் கொணர்ந்தது.

அந்தத் தாள் பையின் தேவைகளே அதனுள் என்னென்ன இருக்க வேண்டும் என்பதை நிர்ணயித்தன. நுண்ணலை மட்டும் போதிய வேகத்தில் சூடேற்றாது. ஆகவே பையின் அடித்தாள்களுக்கு இடையே அலுமினியப் பூச்சுள்ள மெல்லிய படலம் வைக்கப்பட்டது. அது அலைகளை ஏற்று அடுப்புக்கல்போல் காய்கிறது. திரவ எண்ணெய் தாளில் ஊறி வெளியே கசியும்; ஆகவே அறை வெப்பத்தில் உறைந்தே இருக்கும் கொழுப்பு தேவைப்பட்டது. உறைந்த கொழுப்பும் சூட்டில் உருகுமாதலால், எண்ணெய் ஏறாத பூச்சு தாளுக்குத் தேவைப்பட்டது. மாதக்கணக்கில் கொழுப்புச் சிக்கு வாடை அடையாதிருக்க, அதனைக் காக்கும் ரசாயனம் சேர்க்கப்பட்டது. உண்மை வெண்ணெய் நெடுநாள் நில்லாது. ஆகவே வெண்ணெயின் மஞ்சளைத் தர நிறமூட்டியும், வெண்ணெயின் வாசனையைத் தர மணமூட்டியும் வந்தன. இவற்றுள் கொழுப்பு, மணமூட்டி, தாளின் பூச்சு ஆகிய மூன்றும் பின்னர் கவலைக்கு இடமாயின.

முதலில் கொழுப்பு. சோயா போன்ற தாவர எண்ணெயில் ஹைட்ரஜன் வாயுவைப் பகுதியளவு சேர்த்தால் அது வனஸ்பதிபோல் கெட்டியாகும். மலிவானது, கெடாதது, கசியாதது. பொட்டலத்துக்கு இதைவிட வசதியான பொருள் வேறில்லை என்று தோன்றியது. ஆனால் அவ்வாறு கெட்டியாக்கும்போது டிரான்ஸ் கொழுப்பு என்னும் வகை உண்டாகிறது. அது இரத்தத்தில் தீய கொலஸ்டிராலை உயர்த்துவதோடு நல்ல கொலஸ்டிராலைத் தாழ்த்தவும் செய்கிறது என்பது 1990-களில் தெளிவாயிற்று. அமெரிக்காவில் 2006-ஆம் ஆண்டு முதல் அதன் அளவை உறையின்மேல் எழுத வேண்டுமென்று விதி வந்தது. எழுத வேண்டி வந்ததும் பல நிறுவனங்கள் தாமாகவே அதை நீக்கத் தலைப்பட்டன. பகுதியளவு ஹைட்ரஜன் சேர்த்த எண்ணெய்கள் பாதுகாப்பானவை அல்ல என்று 2015-ஆம் ஆண்டில் அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் முடிவு செய்தது. 2018-ஆம் ஆண்டு ஜூன் மாதம் அம்முடிவு நடைமுறைக்கு வந்தது. நம் நாட்டில் எண்ணெய், கொழுப்புகளில் டிரான்ஸ் கொழுப்பு நூற்றுக்கு 2 பங்குக்கு மேற்படலாகாது என்னும் வரம்பு 2022-ஆம் ஆண்டு ஜனவரியில் அமலுக்கு வந்தது. இன்று பொட்டலங்களில் பெரும்பாலும் பனை எண்ணெய் எனப்படும் பாமாயில் இடம்பெற்றிருக்கிறது. அதில் டிரான்ஸ் கொழுப்பு இல்லை எனினும், நிறைகொழுப்பு மிகுதி என்பதை மறந்துவிடலாகாது.

அடுத்து ஒவ்வாமை. மக்காச்சோளத்துக்கு ஒவ்வாமை உடையோர் மிகச் சிலரே. கோதுமையிலுள்ள குளூட்டன் சோளத்தில் இயல்பாகவே இல்லை. ஆகவே வெறும் பொரி பெரும்பாலோருக்குத் தீங்கற்றது. ஆனால் மணமூட்டியில் பாலிலிருந்து பெற்ற பொருள்களும், கொழுப்பைச் சமமாகக் கலக்க உதவும் சோயா லெசித்தினும் சேரக்கூடும். பாலும் சோயாவும் ஒவ்வாமை விளைவிக்கும் முதன்மைப் பொருள்களின் வரிசையில் உள்ளவை. இவற்றுள் சிறிதளவு உட்சென்றாலும், ஒவ்வாமை உடையோருக்குத் தோல் தடித்தல், வாந்தி, மூச்சுத் திணறல், சில வேளை உயிராபத்தும் நேரலாம். அமெரிக்காவில் 2004-ஆம் ஆண்டுச் சட்டம், 8 வகை ஒவ்வாமைப் பொருள்களை எளிய பெயரில் உறைமேல் அறிவிக்க வேண்டுமென்று 2006-ஆம் ஆண்டு முதல் கட்டாயமாக்கியது. 2023-ஆம் ஆண்டில் எள் ஒன்பதாவதாகச் சேர்ந்தது. நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020-ஆம் ஆண்டு விதிகளும் பால், சோயா, நிலக்கடலை, முட்டை, மீன், குளூட்டன் அடங்கிய தானியங்கள் முதலியவற்றை அறிவிக்க வேண்டுமென்கின்றன.

இங்கே ஒரு சொல்லை நுணுகி நோக்க வேண்டும். ‘வெண்ணெய் மணம்’ என்பதும் ‘வெண்ணெய்’ என்பதும் ஒன்றல்ல. வெண்ணெய் மணம் என்று எழுதியிருப்பதில் ஒரு துளி வெண்ணெயும் இல்லாதிருக்கலாம்; பால் புரதம் சிறிது இருக்கவும் கூடும். முகப்பில் உள்ள படத்தையும் பெயரையும் கண்டு எதையும் முடிவு செய்யாமல், பின்புறத்தில் உள்ள எச்சரிக்கை வரியைப் படித்துத் தெளிவதே முறை.

அந்த வெண்ணெய் மணத்தைத் தரும் பொருள்களுள் தலையாயது டைஅசிட்டைல். அது உண்மை வெண்ணெயிலும் இயற்கையாகச் சிறிதளவு உண்டு. உணவில் சேர்ப்பதற்கு அது ‘பொதுவாகப் பாதுகாப்பானதென ஒப்புக்கொள்ளப்பட்டது’ என்னும் சட்டத் தொடரின்கீழ் அமெரிக்காவில் அடக்கப்பட்டிருந்தது. இத்தொடரில் குறை ஒன்றும் வெளிப்படையாகத் தெரியவில்லை. ஆயின், உண்பதற்குப் பாதுகாப்பானது என்பதே அதன் பொருள். சுவாசிப்பதற்கும் பாதுகாப்பானதா என்று எவரும் கேட்கவில்லை. பொட்டலத்தை வாங்குவோர் அதை உண்கிறார்கள். பொட்டலத்தை ஆக்குவோரோ அதை நாள்தோறும் சுவாசிக்கிறார்கள்.

மிசௌரி மாநிலத்தில் ஜாஸ்பர் என்னும் சிற்றூரில் நுண்ணலைப் பொரித் தொழிற்சாலை ஒன்று இருந்தது. அங்கே பெருந்தொட்டிகளில் சோயா எண்ணெயைச் சூடாக்கி, உப்பும் மணமூட்டியும் நிறமூட்டியும் கொட்டிக் கலப்பர். தொட்டியின் மூடியைத் திறக்குந்தோறும் மணம் கமழும் ஆவி தொழிலாளர் முகத்தில் வந்து மோதும். 2000-ஆம் ஆண்டு மே மாதத்தில், அத்தொழிற்சாலையில் முன்பு வேலை செய்த 8 பேருக்கு நுரையீரல் நோய் கண்டிருப்பதாக மருத்துவர் ஒருவர் மாநிலச் சுகாதாரத் துறைக்கு அறிவித்தார். நுரையீரலின் மிக நுண்ணிய மூச்சுக் குழல்கள் புண்பட்டு, தழும்பேறி, அடைபட்டுப் போகும் நோய் அது, மிக அரிதானது, ஒருமுறை தழும்பேறிய குழல் மீண்டும் திறப்பதில்லை. முதலில் அந்நோயாளிகளுக்கு ஆஸ்துமா என்றும் மார்ச்சளி என்றும் மருத்துவம் செய்யப்பட்டிருந்தது. அவர்களுள் சிலர் நுரையீரல் மாற்றுச் சிகிச்சைக்குக் காத்திருப்போர் பட்டியலில் இடம்பெறும் நிலைக்குத் தள்ளப்பட்டனர்.

தொழில்சார் சுகாதாரத்துக்கான அமெரிக்கத் தேசிய நிறுவனம் ஆராய்ச்சியில் இறங்கியது. அப்போது அங்குப் பணிபுரிந்த 135 பேரில் 117 பேர் சோதிக்கப்பட்டனர். இயல்பாக எதிர்பார்க்கக்கூடிய அளவைக் காட்டிலும் 3.3 மடங்கு மூச்சுத்தடை அவர்களிடம் காணப்பட்டது. புகைபிடித்தலே காரணம் என்று கூறிவிடவும் இடமில்லை. ஒருபோதும் புகைபிடிக்காதவரிடையே அது 10.8 மடங்காக இருந்தது. எவர் டைஅசிட்டைல் ஆவியை மிகுதியாகச் சுவாசித்தாரோ அவரிடம் நோயும் மிகுதியாக இருந்தது. இம்முடிவுகள் 2002-ஆம் ஆண்டில் வெளியாயின. வெண்ணெய் மண ஆவியைச் சுவாசித்த எலிகளின் மூச்சுக் குழல்களும் புண்பட்டதை ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டின. பத்திரிகைகள் அந்நோய்க்குப் ‘பாப்கார்ன் நுரையீரல்’ என்று பெயரிட்டன. 2004-ஆம் ஆண்டில் மிசௌரி நீதிமன்றம் ஒன்றில், நோயுற்ற தொழிலாளி ஒருவருக்கும் அவர் மனைவிக்கும் மணமூட்டி ஆக்கிய நிறுவனங்கள் 2 கோடி டாலர் ஈடு வழங்க வேண்டுமென்று நடுவர் குழு தீர்ப்பளித்தது.

எனினும் பொட்டலத்தின் உட்பொருள் உடனே மாறிவிடவில்லை. 2007-ஆம் ஆண்டில், நாள்தோறும் பொட்டலம் பொட்டலமாகப் பல ஆண்டுகள் பொரித்து, பையைத் திறக்கும்போது எழும் ஆவியை விரும்பி முகர்ந்துவந்த ஒரு நுகர்வோருக்கும் அவ்வகை நோய் கண்டிருப்பதாக டென்வர் நகரத்து நுரையீரல் மருத்துவர் ஒருவர் அரசாங்கத்துக்கு எழுதினார். அச்செய்தி பரவிய அவ்வாண்டிலேயே பெரு நிறுவனங்கள் டைஅசிட்டைலைக் கைவிடுவதாக ஒன்றன்பின் ஒன்றாக அறிவித்தன. தொழிலாளர் நோயுற்றது வெளிப்பட்டு அதற்குள் 7 ஆண்டுகள் கழிந்திருந்தன. உண்பவர் ஒருவர் நோயுற்றார் என்றதும் ஏற்பட்ட மாற்றம், ஆக்குபவர் பலர் நோயுற்றபோது ஏற்படவில்லை என்பதை வரலாறு குறித்துவைத்திருக்கிறது. அளவோடு உண்போருக்கு இந்நோய் வரும் என்பதற்குச் சான்று இல்லை என்பதையும் உடன் கூறிவிட வேண்டும்.

கதை அத்துடன் முடியவில்லை. டைஅசிட்டைலுக்கு மாற்றாக வந்த பொருள்களுள் ஒன்று, மூலக்கூறு அமைப்பில் அதற்கு உடன்பிறப்புப் போன்ற பென்டேன்டையோன். அதுவும் எலிகளின் மூச்சுக் குழல்களைப் புண்படுத்துவதைப் பின்னர் வந்த ஆய்வுகள் காட்டின. கலிபோர்னியா மாநிலம் 2010-ஆம் ஆண்டில் தொழிலிடங்களுக்கு டைஅசிட்டைல் பாதுகாப்பு விதி வகுத்தது. 2016-ஆம் ஆண்டில் மேற்கூறிய தேசிய நிறுவனம் இவ்விரு பொருள்களுக்கும் தொழிலிடக் காற்றில் மிகக் குறைந்த வரம்புகளைப் பரிந்துரைத்தது. டைஅசிட்டைலுக்கு அவ்வரம்பு, காற்றின் நூறு கோடிப் பங்கில் 5 பங்கு. ஆனால் பரிந்துரை வேறு, கட்டளை வேறு.

மூன்றாவது, தாளின் பூச்சு. எண்ணெய் ஏறாதிருக்கப் புளோரின் சேர்ந்த ரசாயனங்கள் பலகாலம் பூசப்பட்டன. அவை மண்ணிலும் நீரிலும் மனித உடலிலும் எளிதில் சிதையாமல் தங்குபவை. 2003 முதல் 2014 வரை அமெரிக்காவில் திரட்டிய இரத்த மாதிரிகளை ஆராய்ந்ததில், நுண்ணலைப் பொரியை அடிக்கடி உண்டோரிடம் இவற்றுள் சில மிகுந்திருந்தமை 2019-ஆம் ஆண்டில் தெரிய வந்தது. இவற்றின் குடும்பத்தைச் சேர்ந்த பி.எஃப்.ஓ.ஏ. என்னும் பொருள் மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2023-ஆம் ஆண்டில் வகைப்படுத்தியது. டென்மார்க் நாடு 2020-ஆம் ஆண்டில் உணவுத் தாள்களில் இவற்றைத் தடை செய்தது. அமெரிக்கச் சந்தையில், எண்ணெய் ஏறாத உணவுத் தாள்களுக்கென இப்பொருள்களை விற்பது நின்றுவிட்டது என்று அந்நாட்டு நிர்வாகம் 2024-ஆம் ஆண்டு பிப்ரவரியில் அறிவித்தது. தாளின் பூச்சு உணவின் உட்பொருளன்று; ஆகவே அது உட்பொருள் பட்டியலில் ஒருநாளும் இடம்பெற்றதில்லை.

இவ்வளவும் கூறியதனால் பொரியே தீயது என்று கொள்ளலாகாது. சோளப்பொரி முழுத்தானியம், தவிடும் நார்ப்பொருளும் நீங்காதது. அடிகனமான பாத்திரத்தில் ஒரு கரண்டி எண்ணெயும் ஒரு பிடி மணியும் இட்டு மூடிப் பொரித்தால், சோளம், எண்ணெய், உப்பு என்னும் மூன்றே வரிகளில் பட்டியல் முடிந்துவிடும். பொட்டலத்தையே பயன்படுத்துவோர், பொரிந்த பையைச் சற்று ஆறவிட்டு, முகத்துக்கு அப்பால் திருப்பித் திறத்தல் நன்று. நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குப் பொரி தரலாகாது. அது மூச்சுக் குழாயில் சிக்கிக்கொள்ளும் என்று குழந்தை மருத்துவர்கள் எச்சரிக்கின்றனர். உப்பையும் கொழுப்பையும் குறைக்க வேண்டியவர்கள் உறைமேல் உள்ள அளவுகளைக் கவனிக்க வேண்டும்.

கவனிப்பதற்கு, படிக்க முடிய வேண்டும் அல்லவா? நம் நாட்டு விதிகளின்படி உறைமேல் உள்ள விவரங்கள் ஆங்கிலத்திலோ தேவநாகரி எழுத்தில் இந்தியிலோ இருந்தால் போதும். பிற மொழிகளையும் கூடவே அச்சிடத் தடை இல்லை; ஆனால் கட்டாயமும் இல்லை. பால் ஒவ்வாத பேரனுக்குப் பொட்டலம் வாங்கும் பாட்டிக்குத் தமிழ் மட்டுமே தெரியுமாயின், அந்த எச்சரிக்கை வரி அவருக்கு எழுதப்படாத வரியேயாகும். பால், சோயா, நிலக்கடலை என்னும் சொற்களைத் தமிழில் அச்சிட அரை அங்குல இடம் போதும்.

நம் நாட்டிலும் இன்று பொரிப் பொட்டலங்கள் உற்பத்தியாகின்றன. பொரிக்கு மட்டுமன்றி, பிஸ்கட்டுக்கும் மிட்டாய்க்கும் மணமூட்டி கலக்கும் அறைகள் பல உள்ளன. அவ்வறைகளில் காற்றோட்டம் உண்டா, தொட்டிகளுக்கு மூடி உண்டா, பணியாளரின் மூச்சு ஆண்டுக்கொருமுறையேனும் சோதிக்கப்படுகிறதா என்பவற்றை எந்தப் பொட்டலத்தின் பின்புறத்திலும் நாம் காண முடியாது. அவற்றைக் கேட்டறிந்து ஆவன செய்தல் அரசாங்கத்துக்கும் தொழிற்சாலையாளருக்கும் உரிய கடமை. அக்கடமை நிறைவேறுகிறதா என்று கேட்பது, அப்பண்டத்தை வாங்கி உண்ணும் நமக்கும் உரியது.